ஏழடி வெட்டு

கர்னல் திரும்பி வந்துவிட்டாள் என்ற செய்தி, அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்பது நாளுக்கு முன்னால்தான் எல்லைக் காவல் படைப் பயிற்சிக்கென்று எங்கள் ஊரிலிருந்து ஐந்து பேரை பஸ் ஏற்றி, கை வலிக்க வலிக்க அசைத்துவிட்டு வந்தோம். ஐந்து பேரும் பெட்டியோடு திரும்பி வந்து நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஓட்டத்தில் தேறவில்லையாம் என்றது ஒரு வாய். அங்கே சாப்பாட்டில் புழுவாம் என்றது இன்னொன்று. அதிகாரியையே அடித்துவிட்டார்களாம் என்றது டீக்கடை. டீக்கடைக்கு எப்போதுமே கொஞ்சம் தாராள மனசு.

கர்னல் என்பது பட்டப்பெயர். தியேட்டர் ஆபரேட்டரின் ஒரே மகள். மூன்று வயதில் மாடியில் மெஷின் ரூமில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, சுவரில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகத் திரையில் பறக்கும் கொடியைப் பார்த்து விறைப்பாகச் சல்யூட் அடிப்பாள். கடைசி வரிசைக்காரர்கள் கொடியை விட்டுவிட்டுத் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். விளையாட்டாக வைத்த பெயர். பெரியவளானதும் நிஜமாகவே படைக்குப் போகிறேன் என்று நின்றபோது எங்களுக்கெல்லாம் நாங்களே பெற்று வளர்த்த மாதிரி பெருமை.

வீடு தியேட்டரின் பின்சுவரை ஒட்டிய இரண்டு அறை. அவள் உள்ளே நுழைந்தபோது ஆபரேட்டர் மதியக் காட்சிக்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் கட்டுகிறவள். ஊருக்கு பிஸ்கட்டக்கா. பார்க்காமலே விரலால் அள்ளினால் சரியாகப் பன்னிரண்டு வரும், அப்படி ஒரு கை. அந்தக் கையில் கரண்டியோடு மகளைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலம்மா. பாடினேன்."

"பாடினதுக்கா வீட்டுக்கு அனுப்புவாங்க? அவ்வளவு மோசமாவா பாடின?"

பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். முதல் அணிவகுப்பு. இருநூறு பேர். வாத்தியக் குழு ஏறிய லாரி வழியில் நின்றுவிட்டது. அதனால் தேசிய கீதமான நாட்டுப் பண்ணை வாயாலேயே பாடச் சொன்னார்களாம். எல்லாரும் பாடியிருக்கிறார்கள். ஓரிடம் வந்ததும் இருநூறு பேர் ஒரு பக்கம் போக, இவர்கள் ஐந்து பேர் மட்டும் வேறு பக்கம் போய், எல்லாருக்கும் முன்னால் பாட்டை முடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறார்கள். அதிலும் இவள் குரல்தான் பெரிய குரல்.

"எந்த ஊர்னு கேட்டாங்க. அஞ்சு பேரும் ஒரே ஊர்னதும் அந்த அதிகாரி மூஞ்சி மாறிப்போச்சு. யார் சொல்லிக் குடுத்தா, எந்தச் சங்கம், எத்தனை நாளா இந்த ஏற்பாடுன்னு துருவித் துருவி கேக்கறாங்கம்மா. நாங்க சரியாத்தான் பாடினோம்னு சொன்னா இன்னும் கோபம் வருது."

கடிதத்தை நீட்டினாள். நாட்டுப் பண்ணின் ஒரு வரியைத் திட்டமிட்டுக் கூட்டாகத் தவிர்த்ததற்குப் பத்து நாளில் விளக்கம் தர வேண்டும், தவறினால் நீக்கம் என்று இருந்தது. கீழே பாட்டு முழுவதையும் அச்சடித்து, விட்டுப்போன வரிக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். 'கடைக்கோடி வீட்டிலும் உன் விளக்கே எரியும்.'

பிஸ்கட்டக்கா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். "இது என்ன வரி? இது எங்க வருது நம்ம பாட்டுல?"

"அதைத்தானே நானும் கேட்டேன்!"

"பாடு பாப்போம்."

கர்னல் நின்றபடி பாடினாள். அம்மாவும் கரண்டியோடு சேர்ந்துகொண்டாள். அந்த இடம் வந்தது, போனது. இரண்டு பேரும் கொஞ்சமும் தடுமாறாமல், சிவப்புக் கோட்டைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார்கள். "பாத்தியா, இடமே இல்ல. எங்க கொண்டுபோய் நுழைக்கிறது இதை?" என்றாள் பிஸ்கட்டக்கா. ஆபரேட்டர் அதற்குள் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டிருந்தார். பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது. "நேரமாச்சு," என்று எழுந்து போனார். மதியக் காட்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இந்த இடத்தில் ஊரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். நாட்டுப் பண்ணைக் குரலோடும் மேளத்தோடும் நாங்கள் கேட்டது தியேட்டரில்தான். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைக் காட்சிக்கு முன்னால் போடுவார்கள். எழுந்து நின்று கூடவே பாடுவோம். ரேடியோவில் வாத்தியம் மட்டும் வரும், அதை யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? பள்ளிக்கூடத்தில் பாட்டு முடிந்தால் வீட்டுக்கு மணி, அதனால் சீக்கிரம் முடிகிற பாட்டை யாரும் குறை சொல்லவில்லை. பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள்தான். முதல் பக்கத்தை எவன் படித்தான்? அந்த வரி தெரிந்த பழைய ஆட்களும் ஊரில் உண்டு. தையல்காரரைப் பிடித்துக் கேட்டபோது, "ஆமா, முன்னாடி இருந்துச்சு. அரசாங்கமே எடுத்துட்டாங்க போலன்னு நானும் விட்டுட்டேன்," என்றார். அவரை என்ன செய்ய?

ஆபரேட்டருக்கு மட்டும் காரணம் தெரியும். அன்றைக்கு ஆரம்பித்தது அவருக்கு. மெஷின் ரூமில் உட்கார முடியவில்லை, படியிறங்கினால் கீழே நிற்க முடியவில்லை. மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சி தேயத் தேய அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் செத்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் அவர் கை மறக்காத வேலை அது. அன்று இரண்டு தடவை திரை இருட்டியது. கொட்டகையில் விசில் பறந்தது. பின்சுவருக்கு இந்தப் பக்கம் பிஸ்கட்டக்கா காதைத் தீட்டிக்கொண்டு, "இந்த மனுஷனுக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு அடைமழை மாதம். ஈரத்தில் மெஷினின் பெல்ட் வழுக்கி, கீழ்ச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. நாட்டுப் பண் ரீல் தரையில் குவிந்து, பல் சக்கரத்தில் மாட்டி, ஓரத்துத் துளைகளெல்லாம் பிய்ந்துபோனது. ரெண்டடி நீளம் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் அடுத்த காட்சி. புது ரீலுக்கு எழுதிப் போட்டால் மூன்று மாதம், அபராதம், நேரில் வந்து பதில் சொல் என்பார்கள். கொட்டகை முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வேறு ஆளாக இருந்தால் கிழிந்த ரெண்டடியை வெட்டி, நுனியோடு நுனி ஒட்டி, கையைத் தட்டிக்கொண்டு போயிருப்பான். பாட்டு நடுச்சொல்லில் விக்கியிருக்கும், கொட்டகை சிரித்திருக்கும், மறுநாளே வேறு வழியில்லாமல் புது ரீலுக்கு எழுதிப் போட்டிருப்பார்கள். ஆபரேட்டர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் போட்ட ஒட்டு தெரியக்கூடாது. பூதக்கண்ணாடி வைத்து ஃபிலிம் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோட்டைப் பார்த்தார். மேளம் விழுகிற இடம் கோட்டில் தடித்துத் தெரியும். ஒரு மேள அடியில் ஆரம்பித்து இன்னொரு மேள அடியில் முடிகிற மாதிரி, பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் என்று தள்ளித் தள்ளி ஏழடி வெட்டினார். பிளேடால் சுரண்டி, பசை தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். படத்தில் கொடி மட்டும்தான். கொடி எங்கே விட்டு எங்கே அசைந்தாலும் கொடிதான். அன்று மாலை ஓட்டினார், ஒருவருக்கும் தெரியவில்லை. முதலாளி ஒரு சிகரெட் பாக்கெட்டை நீட்டி, "கை இல்லய்யா உனக்கு, மந்திரம்," என்றார். அந்தப் பெருமை அவருக்குப் பல வருஷம் இருந்தது. வெட்டியது ஒரு வரி என்பது நினைவில் இல்லை, ஒட்டு நன்றாக விழுந்ததுதான் நினைவில் இருந்தது.

மறுநாள் முதலாளி மாடியேறி வந்தார். அவருக்கும் விஷயம் எட்டியிருந்தது.

"என்னப்பா ஆபரேட்டர், அந்த ரீல் இன்னும் இருக்கா?"

"இருக்குங்க முதலாளி. அதானே வெள்ளிக்கிழமை ஓடுது."

"கொளுத்திடு."

"கொளுத்தினா தெருக்கோடி வரைக்கும் நாறுங்க."

"அப்ப கிணத்துல போடு. ரீல் இல்லன்னா கேள்வி இல்ல. நாட்டுப் பண்ணை வெட்டினா என்ன சட்டம் தெரியுமில்ல? உன் லைசென்ஸ் போகும். உள்ளயும் போடலாம். எனக்குக் கொட்டகையைப் பூட்டுவாங்க."

"பொண்ணுக்கு வேலை போயிடுங்க முதலாளி."

"வேற வேலை கிடைக்கும்யா. சின்ன வயசு. உனக்கு இனிமே யாரு வேலை குடுப்பா?"

அடுத்த மூன்று நாளும் ஆபரேட்டர் ஊருக்குள் நடந்துகொண்டே இருந்தார். ரயில் நிலையம் வரை போவார், திரும்புவார். எங்கள் ஊர் ரயில் பாதை முடிகிற ஊர். அதற்கப்பால் ஒரு முட்டுக்கட்டையும் புல்லும்தான். அந்த முட்டுக்கட்டைமேல் உட்காருவார், உட்கார்ந்ததும் எழுந்திருப்பார். "என்ன ஆபரேட்டர், ரயிலைத் தொலைச்சிட்டீங்களா?" என்று நான்கூட ஒருநாள் கிண்டல் செய்தேன். தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன்.

வீட்டில் கர்னல் விளக்கக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் படையிலிருந்து இன்னொரு தாள் வந்தது. அறியாமையால் விட்டுவிட்டோம், மன்னிக்கவும் என்று அதில் கையெழுத்துப் போட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம்.

"போட்டுட்டுப் போய்ச் சேருடி," என்றாள் பிஸ்கட்டக்கா.

"போட்டா சர்வீஸ் புக்குல முதல் வரியே அதுதான்மா. நாட்டுப் பண் தெரியாதவள்னு."

"எழுதினா எழுதிட்டுப் போறாங்க. சம்பளம் வருமில்ல?"

"மத்த நாலு பேரும், நீ போட்டா நாங்களும் போடறோம்னு நிக்கறாங்க. எனக்குக் கை வரலம்மா. அந்தப் பாட்டைக் கேட்டா எனக்கு முதுகு தானா நிமிரும். மூணு வயசுலேர்ந்து நிமிருது. யாரும் சொல்லி நிமிரல. அது எனக்குத் தெரியாதுன்னு நானே எப்படி எழுதிக் குடுப்பேன்?"

"பெரிய முதுகு! சோத்துக்கு வழி பாப்பியா, முதுகைப் பாப்பியா?"

"நீ போட வேண்டாம்மா," என்றார் ஆபரேட்டர். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தார். "அந்த வரியை வெட்டினது நான்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மழை, பெல்ட், பிளேடு, பசை. அவ்வளவுதான் கதை. சொல்லும்போது கை மட்டும் காற்றில் ஃபிலிமைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"கிழிஞ்சது எவ்வளவு?" என்று கேட்டாள் கர்னல்.

"ரெண்டடி."

"அதுல எத்தனை வார்த்தை போயிருக்கும்?"

"ஒண்ணு, ஒண்ணரை."

"அப்ப மீதியை ஏம்பா வெட்டினீங்க?"

"பாட்டு விக்கக் கூடாதுன்னு."

"விக்கியிருந்தா என்ன?"

"கேக்க நல்லா இருக்காதும்மா."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "அங்க இருநூறு பேருக்கு முன்னாடி, நாங்க பாடினதுதான் சரின்னு சண்டை போட்டேன். பதினாறு வருஷமா நான் பாடினது நாட்டோட பாட்டு இல்லப்பா. உங்க பாட்டு."

ஆபரேட்டர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதா, வேண்டாம் என்பதா தெரியவில்லை.

பிஸ்கட்டக்கா கடிதத்தை எடுத்துச் சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். "கடைக்கோடி வீடுன்னா யாரு? ரயிலே நம்ம ஊர்ல வந்து முட்டிக்கிட்டு நிக்குது. மலையைப் பாடறான், ஆத்தைப் பாடறான், அரண்மனையைப் பாடறான். அவ்வளவு பெரிய பாட்டுல நம்மளை மாதிரி ஆளுக்குன்னு இருந்தது ஒரே ஒரு வரி. அதைப் பாத்து வெட்டியிருக்கீங்களே மனுஷா!" ஒரு வாரத்துக்கு முன்னால் அப்படி ஒரு வரி இருந்ததே அவளுக்கு நினைவில்லை. இப்போது சொத்தைப் பறிகொடுத்தவள் மாதிரி நின்றாள்.

"அப்பா," என்றாள் கர்னல். "அந்தப் பாட்டு ஓடும்போது உங்களுக்கு என்ன தோணும்?"

"வேலைதான்மா தோணும். குச்சி தேஞ்சிருக்கா, வெளிச்சம் மஞ்சளா அடிக்குதா, அடுத்த ரீல் ஏத்தியாச்சா. ஊரே விறைப்பா நிக்கும்போது நான் குனிஞ்சிருப்பேன்."

"ஒரு தடவைகூட வேற ஒண்ணும் தோணினதில்லையா?"

"சொல்ல வெக்கமா இருக்கு. நான் சுவிட்சைத் தட்டினா ஊரே எந்திரிக்குதேன்னு தோணும்."

பிஸ்கட்டக்கா, "வெளங்கிடும்," என்றாள். பிறகு உள்ளே போனாள். பாத்திரங்கள் இரைந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு வந்து அவர் முன்னால் வைத்தாள். "ரீலை இதுல வச்சு எடுத்துட்டுப் போங்க. மழை வருது. நனைஞ்சா அதுக்கும் ஒரு வெட்டு போடுவீங்க."

ஒன்பதாம் நாள் அப்பாவும் மகளும் பயிற்சி முகாமில் போய் நின்றார்கள். பெரிய அதிகாரிக்கு நரைத்த மீசை. பக்கத்தில் இரண்டு பேர். ஆபரேட்டர் சொன்னதையெல்லாம் அவர் கேட்டார், நம்பவில்லை.

"பொண்ணைக் காப்பாத்த அப்பன் என்ன வேணா சொல்லுவான். ஒரு வரியையே எடுத்துட்டா கேக்கறவனுக்குத் தெரியாதா? உங்க ஊரே செவிடா?"

"ஓட்டிப் பாத்துடுங்க ஐயா. இங்க மெஷின் இருக்குமே."

சனிக்கிழமைகளில் பயிற்சிப் படம் காட்டுகிற கூடம் ஒன்று இருந்தது. அந்த மெஷின் ஆபரேட்டருக்குப் பழகிய ஜாதிதான். தூசி தட்டி, குச்சி மாட்டி, ரீலை ஏற்றினார். கொடி திரைக்கு வந்ததுமே அதிகாரிகள் மூன்று பேரும் துள்ளி எழுந்து சல்யூட் அடித்தபடி நின்றார்கள். கர்னலும் நின்றாள். பாட்டு ஓடி முடிந்தது. கைகள் இறங்கின.

"எங்கய்யா வெட்டு?" என்றார் பெரிய அதிகாரி. "முழுசா இருக்கே."

"முழுசாத்தான் இருக்கு சார்," என்றார் பக்கத்திலிருந்தவர்.

ஆபரேட்டரின் வேலைக்கு வாழ்நாளில் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். கிடைக்கக் கூடாத நேரத்தில் கிடைத்தது. "ஐயா, உக்காந்து கேட்டீங்கன்னா தெரியும்," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"நாட்டுப் பண்ணுக்கு உக்காரச் சொல்றியா?" பெரிய அதிகாரியின் மீசை ஆடியது. "வெட்டவும் செய்வே, உக்காரவும் சொல்லுவே. போதும். கையெழுத்து போடற பொண்ணு போடட்டும், போடாட்டி வீட்டுக்குப் போகட்டும்."

"ஐயா," என்றாள் கர்னல். "இன்னொரு தடவை ஓட்டட்டும். நான் கூடவே பாடறேன். நீங்க நின்னே கேளுங்க."

அவர் யோசித்தார். பாடுகிறேன் என்கிறவளைப் பாடாதே என்று சொல்ல அந்தக் கூடத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. தலையை அசைத்தார்.

ஆபரேட்டர் ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஏற்றினார். நாலு நாளாக அவள் வீட்டில் அந்த வரியைப் பழகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். பத்துக்கு எட்டு தடவை நாக்கு அதைத் தாண்டி ஓடிவிடும் என்பதும் தெரியும். பதினாறு வருஷத்துப் பழக்கம். சுவிட்சைத் தட்டினார்.

அவள் பாடினாள். ரீலும் அவளும் ஒரே குரலாகப் போனார்கள். அந்த இடம் வந்தது. ரீல் வழக்கம்போல மேளத்தோடு மேளமாகத் தாவி அடுத்த வரிக்குப் போயிற்று. கர்னல் போகவில்லை. 'கடைக்கோடி வீட்டிலும்' என்று எடுத்தாள். ஒரு நொடி இரண்டு பாட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. அவள் ரீலைத் துரத்திப் பிடிக்கப் பார்க்கவில்லை, அவசரப்படவில்லை, ஒரு வரி பின்னாலேயே தன்பாட்டுக்கு வந்தாள். ரீல் முடிந்தது. கொடி போய்த் திரை வெள்ளையானது. பெரிய அதிகாரியின் கை பழக்கத்தில் பாதி இறங்கியது. அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். கடைசி வரி முழுதாக மிச்சமிருந்தது. மேளம் இல்லை, கொடி இல்லை, ரீலின் வால் டப் டப் என்று அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும். பாதி இறங்கிய கை அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மேலே போய் நெற்றியில் நின்றது. மற்ற இரண்டு கைகளும் அதேபோல் ஏறின. அவள் முடிக்கும் வரை மூன்று பேரும் ஆடவில்லை.

முடித்ததும் பெரிய அதிகாரி திரும்பி மெஷினைப் பார்த்தார். ஆபரேட்டர் விளக்கை அணைக்க மறந்து, குச்சி எரிய எரிய நின்றுகொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஐந்து பேரும் திங்கட்கிழமை வந்து சேரலாம், யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று உத்தரவானது. லைசென்ஸ் மேசையிலேயே தங்கிவிட்டது. ஒரு வருஷம் கழித்து விண்ணப்பித்துப் பார் என்றார்கள். ஜெயில் பேச்சு எடுக்கவில்லை. முதலாளிக்கு அபராதம். அவர் ஆபரேட்டரை வைத வசவுகளை அச்சிட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட்டக்கா முதலில் மகளின் வேலையைக் கேட்டாள், பிறகு லைசென்ஸைக் கேட்டாள்.

"ஒரு வருஷத்துக்கு இல்ல," என்றார்.

"சரி. கம்பெனியில மாவு மூட்டை இறக்க ஆள் தேடறாங்க. காலையில என்கூட வாங்க. இடுப்பு தாங்குமா?"

"தாங்கும்."

அவர் உட்கார்ந்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக உட்கார்ந்த இடத்தில் இருந்தார். பிஸ்கட்டக்கா கேட்டாள். "எப்படிப் பாடினா?"

அவர் சொல்லப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு போயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா அதை ஓட்டினேன்," என்றார். "இன்னைக்குத்தான் கேட்டேன்."